கிளையன்ட் படமும் சொந்த நோட்டும்: ஓவியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறுவர் புத்தகத்துக்குப் படம் வரைந்தேன். பனையேறும் அப்பாவைப் பற்றி மகள் சொல்லும் கதை, 24 பக்கம். நெட்டில் தேடி எடுத்த நான்கைந்து போட்டோக்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே வாரத்தில் கலர் வரைக்கும் முடித்து அனுப்பிவிட்டேன். கதையை எழுதியவர் தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடிப் பக்கத்துக்காரர். போன் செய்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, இவர் காலில் தளைநார் எங்கே?"

தளைநார் என்ற சொல்லையே அன்றுதான் கேள்விப்பட்டேன். பனையேறுபவர் இரண்டு பாதங்களையும் சேர்த்து மாட்டிக்கொள்ளும் நார் வளையம் அது. அதை மாட்டினால் இரண்டு காலும் ஒன்றாகத்தான் மேலேறும். நானோ ஏணியில் ஏறுவது போல ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைத்து வரைந்திருந்தேன். இடுப்பில் பாளை சீவும் அரிவாளுக்கான பெட்டியும் இல்லை. கலயம் கன்னங்கரேலென்று இருந்தது. பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள், வாயோரத்தில் அந்த வெள்ளை தெரியும் என்பதையும் அவர்தான் சொன்னார். 15 பக்கங்களைத் திரும்ப வரைந்தேன்.

அந்த ஒரு வேலையில் நான் செய்த தவறுகளைத்தான் இன்று புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களிடமும் பார்க்கிறேன்.

முதல் தவறு, ரஃப், அதாவது முன்மாதிரிக் கிறுக்கல், இல்லாமல் நேராக ஃபைனலுக்குப் போவது. கதையைப் படித்ததும் மனதில் ஒரு படம் தோன்றும். அதுதான் சரியான படம் என்று கை பரபரக்கும். அந்தப் பரபரப்பை நம்பாதீர்கள். ஒரு தாளில் தீப்பெட்டி அளவில் 10 கட்டங்கள் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம். முகம் வேண்டாம், விரல் வேண்டாம். எங்கே இருட்டு, எங்கே வெற்றிடம், தலைப்பு எங்கே வரும், அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தின் அட்டைக்குப் பிற்பாடு இப்படிச் செய்தபோது, முதல் மூன்று கட்டங்களும் அப்பா மரத்தில் ஏறுவதைக் கீழேயிருந்து பார்ப்பதாகவே வந்தன. யாராக இருந்தாலும் அதைத்தான் முதலில் வரைவார்கள். எட்டாவது கட்டத்தில் கண் மரத்தின் உச்சிக்குப் போய்விட்டது. ஓலைகளின் நடுவிலிருந்து கீழே பார்த்தால் மகள் கையில் பாத்திரத்தோடு சின்னதாக அண்ணாந்து நிற்கிறாள். சுற்றிலும் வெறும் மணல். தலைப்புக்கான இடமும் தானாகக் கிடைத்துவிட்டது.

கிளையன்டுக்கு இரண்டு அல்லது மூன்று ரஃப் காட்டினால் போதும், அதையும் பென்சிலிலேயே காட்டுங்கள். கலர் போட்டுக் காட்டினால் "பாவாடை மஞ்சளாக இருக்கலாமா" என்று பேச்சு ஆரம்பிக்கும். பென்சிலில் காட்டினால் "மகள் ஏன் இவ்வளவு தள்ளி நிற்கிறாள்" என்று கேட்பார்கள். முதலில் தீர்க்க வேண்டியது இரண்டாவது கேள்வியை. உங்களுக்கே பிடிக்காத ரஃபை எண்ணிக்கைக்காகச் சேர்க்காதீர்கள். அது தேர்வாகிவிட்டால் பிடிக்காத படத்தோடு ஒரு மாதம் உட்கார வேண்டும்.

அடுத்தது, போட்டோவை மட்டுமே நம்புவது. ஆனந்த விகடனில் ஓவியர் சில்பி வரைந்த கோயில் சிற்பங்களை இன்று பார்த்தாலும் கல்லின் கனம் தெரிகிறது. கோயில் கோயிலாகப் போய், சிற்பத்தின் முன் உட்கார்ந்து வரைந்தவர் அவர். எல்லா வேலைக்கும் நேரில் போக முடியாது, சரி. ஆனால் எழுதியவரிடம் கேட்கலாமே. கேட்டால் விஷயம் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சத்தில்தான் நான் கேட்காமல் விட்டேன். கேட்டிருந்தால் 15 பக்கங்கள் மிஞ்சியிருக்கும்.

இதைவிடப் பெரிய தவறு என்று நான் நினைப்பது, வேலை வந்ததும் சொந்த நோட்டை மூடி வைப்பது. "இந்த ப்ராஜெக்ட் முடியட்டும், அப்புறம் எனக்காக வரைகிறேன்" என்று தள்ளிப்போட்டால் அந்த அப்புறம் வரவே வராது. அந்தப் புத்தகத்துக்குப் பிறகு சித்திரை மாதத்தில் இரண்டு நாள் உடன்குடிக்குப் போனேன். ஏறுகிறவர் நமக்காக நிற்கமாட்டார். ஐந்தாறு கோடு போடுவதற்குள் உச்சிக்குப் போய்விடுவார். முதல் மரத்தில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அப்புறம்தான் ஒன்று புரிந்தது: அடுத்த மரத்திலும் அதே உடம்பு அதே வளைவோடுதானே ஏறப்போகிறது. ஒரு மரத்தில் பாதத்தை மட்டும் பார்த்தேன், அடுத்ததில் முதுகை, அதற்கடுத்ததில் மரத்தைத் தழுவும் கையை. இரண்டு பாதங்களின் உட்புறமும் மரத்தைக் கவ்வியிருக்க, நார் அவற்றை விலகவிடாமல் இழுத்துப் பிடித்திருந்தது. மரத்தோடு உரசி உரசி அவர் நெஞ்சுத் தோல் காய்த்துப்போயிருந்தது. நான் பார்த்த எந்தப் போட்டோவிலும் அது என் கண்ணில் படவில்லை.

இதற்கு விலையுயர்ந்த ஸ்கெட்ச் புக் வேண்டாம். நல்ல தாளைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் கை இறுகிவிடும். கோடு போடாத சாதாரண நோட்டும் ஒரு பால்பாயின்ட் பேனாவும் போதும். நோட்டில் வரைவதையெல்லாம் இன்ஸ்டாகிராமில் போடுவதற்காகவே வரையாதீர்கள். போடப்போகிறோம் என்று தெரிந்தாலே, நமக்கு ஏற்கனவே நன்றாக வருவதைத்தான் கை திரும்பத் திரும்ப வரையும்.

மூன்று வருடம் கழித்து ஒரு கருப்பட்டி லேபிளுக்குப் படம் கேட்டார்கள். அந்த நோட்டைத்தான் திறந்தேன். அன்று மாலையே ரஃப் போய்விட்டது. ஒன்று கவனியுங்கள்: நோட்டில் இருந்த படத்தையே கொடுக்கவில்லை, அதைப் பார்த்துப் புதிதாக வரைந்து கொடுத்தேன். முழு உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டு, அதில் நம் சொந்த நோட்டின் பக்கமும் சேர்ந்து போய்விட்டால் அதை நாமே பயன்படுத்த முடியாது.

உரிமை விஷயத்தில் பலரும், "நான் வரைந்தது, எனக்குத்தானே சொந்தம்" என்று நினைக்கிறார்கள். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து வரையவைத்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரையே முதல் உரிமையாளராக வைக்கிறது. அதனால் வேலை தொடங்கும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகம், எந்த மொழி, எத்தனை வருடம், போஸ்டருக்கும் துணிப்பைக்கும் பயன்படுத்தலாமா, எத்தனை முறை கரெக்‌ஷன், அட்வான்ஸ் எவ்வளவு என்று எல்லாமே அதில் இருக்கட்டும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது கால அளவு குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும். போனில் பேசியதை அன்றே மெயிலில் எழுதி அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கி வையுங்கள். இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு பக்க ஒப்பந்தம் இருந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக அச்சு. டெம்மி அளவு அட்டை என்றால் 5.5 × 8.5 இன்ச். அச்சடித்தபின் வெட்டும்போது போகும் ஓரத்துக்காக நாலு பக்கமும் எட்டில் ஒரு இன்ச் விட்டால் 5.75 × 8.75. இதை 300 டிபிஐயில், அதாவது ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி என்ற கணக்கில், வரைய 1725 × 2625 பிக்சல் வேண்டும். சின்னதாக வரைந்துவிட்டுக் கடைசியில் பெரிதாக்கினால் கோடு உடையும். கறுப்புக் கோடுகளைக் கறுப்பு மையில் மட்டும் வையுங்கள். நாலு மையும் கலந்த கறுப்பு என்றால், அச்சடிக்கும் பிளேட் கொஞ்சம் நகர்ந்தாலும் கோட்டின் ஓரத்தில் கலர் கசிந்து தெரியும். திரையில் பளிச்சென்று மின்னும் கிளிப்பச்சையும் நீலமும் அச்சின் அந்த நாலு மையில் (சிஎம்ஒய்கே) மங்கும், லேசாகப் பழுப்பேறிய நேச்சுரல் ஷேடு தாளில் இன்னும் மங்கும். கலர் ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு, வந்தால் பகலில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்துவிட்டு ஓகே சொல்லுங்கள்.