ஒரு வாத்தியம், ஒரு டேப்: இரண்டு நிமிட இசையை நீங்களே அமைக்கலாம்

மேடையில் ஒருவர் மட்டும் வாசிக்கிறார், முன்பே பதிவு செய்த ஒலி ஸ்பீக்கரில் கூடவே ஓடுகிறது; அந்தப் பதிவைத்தான் ‘டேப்’ என்கிறோம். இத்தாலிய இசையமைப்பாளர் புரூனோ மதெர்னா 1952இல் புல்லாங்குழலோடு டேப்பைச் சேர்த்து எழுதினார். இந்த வகை இசையில் கை வைக்கிற எல்லோருக்கும் வருகிற சிக்கல் ஒன்றுதான்: டேப் வெறும் பின்னணியாகப் போய்விடும், கரோக்கி மாதிரி.

அதிலிருந்து தப்பிக்கும் வழியை நான் கற்றது மாரியோ டேவிடோவ்ஸ்கியிடம். அர்ஜென்டினாவில் பிறந்து நியூயார்க்கில் வேலை செய்த இசையமைப்பாளர். பியானோவுக்கும் மின்னணு ஒலிக்கும் 1970இல் அவர் எழுதிய ‘சிங்க்ரானிசம்ஸ் எண் 6’ அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு வாங்கியது. பியானோ கட்டையை அழுத்தியபின் ஒலி தேயத்தான் முடியும், வளர முடியாது இல்லையா? அவர் தொடக்கத்திலேயே பியானோவின் ஒற்றைச் சுரத்தை டேப் வாங்கிப் பெருக்கும்படி வைத்துவிட்டார். வாத்தியத்தால் முடியாததை டேப் செய்கிறது. நாமும் அதையே செய்யப்போகிறோம்.

படி 1: அந்தப் படைப்பின் முதல் நிமிடத்தை ஹெட்போனில் நாலைந்து முறை கேளுங்கள். பியானோ எங்கே முடிகிறது, டேப் எங்கே தொடங்குகிறது என்று மட்டும் தேடுங்கள்.

படி 2: உங்கள் வாத்தியத்தைப் பதிவு செய்யுங்கள். கிடாரோ வயலினோ குழலோ, எதுவானாலும் சரி, போன் போதும், மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். ராகம், பாட்டு எதுவும் வேண்டாம். ஒரு நீண்ட சுரம், ஒரு குட்டையான மீட்டல், மரத்தில் விரல் தட்டும் சத்தம், மூச்சு என்று தனித்தனி ஒலிகளாக எடுத்து, ஒவ்வொன்றும் முழுதாக அடங்கும்வரை கை அசையாமல் காத்திருங்கள், ஏனென்றால் அந்த வால் பகுதிதான் நமக்கு அதிகம் பயன்படப்போகிறது.

படி 3: வெட்டுங்கள். ஒலியை வெட்டி ஒட்ட, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும். மீட்டிய ஒரு சுரத்தை எடுத்து அதன் தொடக்கத் தாக்குதலை, அதாவது கம்பியில் விரல் பட்டதும் எழும் முதல் கணத்து ஒலியை, மட்டும் நறுக்கிவிட்டுக் கேளுங்கள், கிடார் என்றே தெரியாது. பாரிஸில் 1948இல், பதிவு செய்த ஒலிகளைக் கொண்டே இசை அமைத்த பியர் ஷேஃபர் மணியோசையை வைத்துக் கண்டதும் இதுதான்: ஒரு ஒலியை நாம் அடையாளம் காண்பதில் அந்த முதல் நொடித்துளிக்குப் பெரிய பங்கு. அப்புறம் அதே சுரத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள், இப்போது அது ஒன்றுமில்லாமையிலிருந்து வளர்ந்து வந்து சட்டென்று நிற்கும். வேகத்தைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி, நீளம் இரட்டிப்பாகும். இந்த மூன்றே போதும், எதிரொலி எஃபெக்டுகள் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள், அவை எல்லா ஒலியையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுகின்றன.

படி 4: ஒரு தாளில் இரண்டு நிமிடத்துக்குக் கோடு போட்டு, ஐந்து விநாடிக்கு ஒரு புள்ளி வையுங்கள். கோட்டுக்கு மேலே நீங்கள் வாசிப்பது, கீழே டேப். ஒருமுறையாவது நீங்கள் மீட்டிய சுரம் தேயும்போது அதே சுரம் டேப்பில் வளரட்டும். ஒருமுறையாவது டேப்பின் தலைகீழ் ஒலி வந்து முடிகிற அந்த நொடியில் நீங்கள் மீட்டுங்கள். டேப்பில் தாராளமாக மௌனம் விடுங்கள். டேப் உங்களுக்காகக் காத்திருக்காது என்பதால் நொடி பிசகாமல் சேரவேண்டிய இடங்களைச் சின்னதாக, தெளிவான ஒரு ஒலிக்குறிப்புக்குப் பிறகு வையுங்கள், நீண்ட பகுதிகளில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் கெடாதபடி எழுதுங்கள். பிறகு கோட்டுக்குக் கீழே போட்டபடி, வெட்டிய ஒலிகளை ஆடாசிட்டியில் அடுக்கினால் அதுதான் உங்கள் டேப்.

படி 5: ஸ்பீக்கர். அறையின் இரு மூலைகளில் வைத்தால் இரண்டு உலகமாகப் பிரிந்து கேட்கும். உங்களுக்குப் பக்கத்திலேயே, வாத்தியத்தின் உயரத்தில் ஒன்றை வையுங்கள். டேப்பின் சத்தம் உங்கள் வாசிப்பை மிஞ்சக் கூடாது. நண்பர் ஒருவரை எதிரே உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். எது நீங்கள், எது டேப் என்று அவர் எல்லா இடத்திலும் சரியாகச் சொல்லிவிட்டால், மறுபடி படி 3க்குப் போய் அந்த இணைப்புகளை இன்னும் நெருக்கமாக வெட்டுங்கள்.