போஸ்ட்கிரஸில் திகதி எடுக்கும் வழிகள்: வேகத்தை அளப்பது எப்படி

கிளிநொச்சியில் ஒரு பால் சேகரிப்பு நிலையத்தின் பதிவேடு என்று வைத்துக்கொள்வோம். அது போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் இருக்கிறது. தளம் 'பால்_தளம்', அட்டவணை 'பால்_வரவு'. அதில் 'பதிந்த_நேரம்' என்றொரு நிரல், வகை டைம்ஸ்டாம்ப்டிஇசட் (நேர வலயம் பார்த்துக் காட்டும் திகதியும் நேரமும்), அதன்மேல் ஒரு இன்டெக்ஸ் (வேண்டிய நிரையை விரைவாகத் தேடித்தரும் சுட்டி). கட்டளைகளை ஒலிப்படி தருகிறேன். ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

1. பீஎஸ்கியூஎல்லில் (போஸ்ட்கிரஸுக்குக் கட்டளை அடிக்கும் திரை) \டைமிங் (எடுத்த நேரத்தைக் காட்டும்) போட்டுவிட்டு இதை ஓட்டுங்கள்:

செலக்ட் கவுன்ட்(நவ்()) ஃப்ரம் ஜெனரேட்_சீரீஸ்(1, 1000000);

நவ்() உள்ள இடத்தில் கிளாக்_டைம்ஸ்டாம்ப்(), கரன்ட்_டேட் என்று மாற்றி ஓட்டுங்கள். கவுன்ட் கட்டாயம் வேண்டும். அதை விட்டால் பத்து இலட்சம் நிரையைத் திரைக்கு அனுப்பும் நேரம்தான் அளவில் வரும். முதல் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காமல், அடுத்த ஐந்தில் நடு எண்ணை எடுங்கள்.

நவ்() டிரான்ஸாக்ஷன் (ஒன்றாகச் செய்துமுடிக்கும் ஒரு வேலை) தொடங்கிய நேரத்தையே திருப்பித் தரும். கிளாக்_டைம்ஸ்டாம்ப்() ஒவ்வொரு தரமும் கணினியிடம் மணி கேட்கும். லினக்ஸில் கடிகார மூலம் டிஎஸ்சி (செயலிக்குள் இருக்கும் எண்ணி) என்றால் வித்தியாசம் சிறிது. எச்பிஇடி (செயலிக்கு வெளியே உள்ள கடிகாரம்) என்றால் நன்றாகவே இழுக்கும். மணி கேட்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்க, போஸ்ட்கிரஸுடனேயே வரும் பிஜி_டெஸ்ட்_டைமிங் போதும்.

2. புரொசீஜருக்குள் (தளத்திலேயே சேமித்து ஓட்டும் கட்டளைத் தொகுப்பு) 'மாறி := நவ்()' என்று எழுதுங்கள். 'செலக்ட் நவ்() இன்டு மாறி' வீண் சுற்று. டூ பிளாக்குக்குள் (சேமிக்காமல் உடனே ஓட்டும் தொகுப்பு) எடுத்த நேரத்தை அளக்க நவ்() உதவாது: தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே நேரம், கழித்தால் பூச்சியம். அங்கே கிளாக்_டைம்ஸ்டாம்ப்() தான்.

3. உண்மையான வேக இழப்பு வேர் (எந்த நிரைகள் வேண்டும் என்ற நிபந்தனை) பகுதியில். இரண்டையும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் (கட்டளை எந்த வழியில் ஓடியது என்று காட்டும்) போட்டுப் பாருங்கள்:

வேர் பதிந்த_நேரம் >= நவ்() - இன்டர்வல் '1 டே'
வேர் பதிந்த_நேரம் >= கிளாக்_டைம்ஸ்டாம்ப்() - இன்டர்வல் '1 டே'

பெரிய அட்டவணையில் முதலாவது 'இன்டெக்ஸ் கொண்ட்' என்று காட்டும், அதாவது இன்டெக்ஸ் வழியே தேடுகிறது. இரண்டாவது 'செக் ஸ்கேன்' (அட்டவணை முழுவதையும் வாசிப்பது), அதன் கீழே 'ஃபில்டர்'. கிளாக்_டைம்ஸ்டாம்ப்() வொலட்டைல் வகை; நிரைக்கு நிரை மதிப்பு மாறலாம் என்பதால் இன்டெக்ஸைத் தொடவே முடியாது. அதுதான் வேண்டுமென்றால் (செலக்ட் கிளாக்_டைம்ஸ்டாம்ப்()) என்று அடைப்புக்குள் போடுங்கள். ஒரே தரம் கணிக்கப்பட்டு இன்டெக்ஸ் திரும்பக் கிடைக்கும்.

டேட்(பதிந்த_நேரம்) = கரன்ட்_டேட் என்பதும் இதே கேடு. >= கரன்ட்_டேட், < கரன்ட்_டேட் + 1 என்று எல்லை போடுங்கள்.

4. சேர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்; இலங்கை நேரம் அதற்கு 5:30 மணி முன்னால்) ஓடினால் விடிய 5 மணிக்கு வந்த பால் நேற்றைய கணக்கில் விழும். கரன்ட்_டேட் 5:30 வரை நேற்றில்தான் நிற்கும். ஆல்டர் டேட்டாபேஸ் பால்_தளம் செட் டைம்சோன் டு 'ஏசியா/கொலம்போ' என்று கொடுத்து, இணைப்பைத் துண்டித்துத் திரும்ப இணையுங்கள்.

பின்சேர்க்கை: பழைய பதிவேடுகளை ஏற்றுவோருக்கு. இலங்கை நேரம் 1996 மேயில் 6:30 ஆகி, அதே ஒக்டோபரில் 6:00 ஆகி, 2006 ஏப்ரலில்தான் 5:30க்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் இடையிலும் 5:30 தான் புழங்கியது. ஆகவே அக்காலத்து வன்னிப் பதிவுகளை 'ஏசியா/கொல்கத்தா' (இந்திய நேரம், அதுவும் 5:30) வைத்து ஏற்றி, அதே வலயத்திலேயே பாருங்கள். கொலம்போவில் திறந்தால் இரவு 11:40 பதிவு மறுநாளுக்குத் தாவிவிடும்.