சின்னக் கற்கோயில் ஒன்றை அளந்து வரைவது எப்படி

“நெலம் அளக்கவா தாயி வந்திருக்க?”

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் சிவன் கோயிலைச் சுற்றி நூல் கட்டிக்கொண்டிருந்தபோது, ஆடு ஓட்டிவந்த ஆத்தா ஒருவர் கேட்டார். “இல்ல ஆத்தா, கோயிலைத்தான் அளக்குறோம், படம் வரையறதுக்கு” என்றேன். அவர் நம்பவில்லை. சாயங்காலத்துக்குள் ஊரில் பாதிப் பேர் கோயில் வாசலில் நின்றார்கள். டேப்பையும் நூலையும் பார்த்தால் ரோடு அகலமாகப் போகிறது, பட்டாவில் கை வைக்கப் போகிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆகவே டேப்பை விரிப்பதற்கு முன்னால் ஊரில் சொல்லிவிடுங்கள். கோயில் அறநிலையத் துறையில் இருந்தால் செயல் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் மத்திய அல்லது மாநிலத் தொல்லியல் துறையிடம் வாங்க வேண்டும். அந்தக் கடிதத்தில் நாலு நகல் எடுத்து ஒன்றைக் குருக்களிடமும் ஒன்றை ஊர்ப் பெரியவரிடமும் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பதினேழு வருடமாக நான் செய்யும் வேலை இது. இங்கே சொல்லப்போவது சோழர் காலத்து ஒருதளக் கற்றளி (கல்லால் கட்டிய கோயில்) ஒன்றை, கருவறையும் அதன் முன்னால் ஒட்டி நிற்கும் அர்த்த மண்டபமும் மட்டும் உள்ளதை, மூன்று பேர் நாலு நாளில் அளக்கும் முறை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இது போதாது. ஆனால் கவனிப்பார் இல்லாமல் நிற்பவை பெரும்பாலும் இந்தச் சின்னக் கோயில்கள்தான். அவற்றை அளக்க டோட்டல் ஸ்டேஷன் என்னும் விலை உயர்ந்த மின்னணு அளவைக் கருவி வேண்டியதில்லை.

எடுத்துப்போக வேண்டியவை: 30 மீட்டர் ஸ்டீல் டேப் ஒன்று, 5 மீட்டர் டேப் இரண்டு, லேசர் மீட்டர், தூக்குக் குண்டு இரண்டு, கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்), ரசமட்டம், நேரான அலுமினியப் பட்டை, நைலான் நூல், சாக்பீஸ், ஏ3 தாள் வைக்கும் பலகை, பென்சில். பிளாஸ்டிக் இழை டேப் வேண்டாம், இழுத்தால் நீளும். ஸ்டீல் டேப்பும் வெயிலில் நீளும்தான். பத்து டிகிரி சூடு ஏறினால் 30 மீட்டருக்கு மூன்றரை மில்லிமீட்டர் போலக் கூடும். அந்த அளவு பிசகு நம் வேலைக்குப் பெரிதில்லை. ஆனாலும் நீண்ட அளவுகளைக் காலையிலேயே எடுத்துவிடுவது என் வழக்கம். நடு வெயிலில் லேசரின் சிவப்புப் புள்ளியும் கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் படிந்து கறுத்த கல்லில் லேசர் சில சமயம் அளவே காட்டாது. அங்கே ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலை எதையும் அளக்காதீர்கள். மூன்று சுற்று சுற்றி வாருங்கள். முதல் சுற்றில் மொத்தக் கட்டடம். இரண்டாம் சுற்றில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இணைப்புகள். மூன்றாவதில் விரிசல், சிமெண்ட் பூச்சு, பிறகு சேர்த்த கட்டுமானம். அப்புறம் உட்கார்ந்து கையால் பெரிதாகப் படம் போடுங்கள். தரைப்படம் ஒரு தாள், ஒவ்வொரு சுவருக்கும் தனித்தனித் தாள். அழகு தேவையில்லை, எண்களை எழுத இடம் இருக்க வேண்டும். குறுக்கிக் குறுக்கி எழுதிய எண்ணை வீட்டுக்குப் போய்ப் படிக்க முடியாமல் மறுபடியும் 90 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்த அனுபவம் எனக்கு உண்டு.

அடுத்தது மட்டக்கோடு. கோயில் நிற்கும் தரை எங்கேயும் சமமாக இருக்காது. ஒரு பக்கம் மண் ஏறி உபானம் என்னும் அடிக்கல் வரி புதைந்திருக்கும், இன்னொரு பக்கம் மழை அரித்திருக்கும். தரையிலிருந்து உயரம் அளந்தால் நான்கு சுவருக்கும் நாலு கணக்கு வரும். டியூப் லெவலில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, சுவரில் ஏதாவது ஒரு உயரத்தில் ஆரம்பித்து, கோயிலைச் சுற்றி ஒரே மட்டத்தில் சாக்பீஸ் புள்ளி வைத்துக்கொண்டே போங்கள். கடைசியில் தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வர வேண்டும். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் தப்பினால் டியூபில் காற்று இருக்கிறது என்று அர்த்தம், திரும்பச் செய்யுங்கள். இனி எல்லா உயரமும் இந்தக் கோட்டிலிருந்து மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு என்றுதான் எழுத வேண்டும்.

தரைப்படத்துக்குக் கோயிலைச் சுற்றி, சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, நூலால் ஒரு செவ்வகம் கட்டுங்கள். மூலைகளை 3, 4, 5 கணக்கில் சரிபாருங்கள்: மூலையிலிருந்து ஒரு நூலில் 3, மறு நூலில் 4 குறித்தால் குறுக்கே 5 வர வேண்டும். பெரிதாக 6, 8, 10 அடி வைத்தால் இன்னும் நல்லது. நூலின் மூலைவிட்டம் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். சரியான செங்கோணம் தேவைப்படுவது இந்த நூலுக்குத்தான், கோயிலுக்கு இல்லை. நூலிலிருந்து சுவரின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் குறுக்கே அளந்தால், கோயில் எங்கே வளைந்திருக்கிறதோ அங்கே வளைந்தே தாளில் விழும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு கோயிலில் திருப்பணிக்காக அர்த்த மண்டபத்தை மட்டும் பிரித்து அடுக்க வேண்டியிருந்தது. கையில் இருந்த பழைய வரைபடம் பார்க்க அவ்வளவு நேர்த்தி. கருவறையின் வெளிப்பக்கம் நாலும் 5.20 மீட்டர், நாலு மூலையும் செங்கோணம். அதை நம்பி அடுக்கிக்கொண்டே போனார்கள். வடக்குச் சுவரின் கடைசிக் கல் இடத்தில் உட்காரவில்லை. ஓரத்தைச் செதுக்கி உள்ளே தள்ளினார்கள். அந்த ஓரத்தில் கல்வெட்டு இருந்தது, மூன்று எழுத்து போய்விட்டது. பிறகு நாங்கள் போய் அளந்தபோது பக்கங்கள் என்னவோ 5.20தான். ஆனால் கருவறையின் ஒரு மூலைவிட்டம் 7.33, மற்றது 7.38. சரியான சதுரமாக இருந்திருந்தால் இரண்டுமே 7.35 காட்டியிருக்கும். வரைந்தவர் ஒரு பக்கத்தை அளந்துவிட்டு மீதியைச் சதுரமாகவே போட்டிருக்கிறார். ஆயிரம் வருடம் நின்ற எழுத்து அது, அந்தச் செதுக்கலை இன்றும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. எதை விட்டாலும் மூலைவிட்டத்தை விடாதீர்கள்.

சுவர் நீளத்தை அளக்கும்போது டேப்பின் பூஜ்ஜியத்தை ஒரு மூலையில் வைத்துவிட்டு, எடுக்காமல், சுவரோடு ஒட்டிய ஒவ்வொரு அரைத்தூணின் ஓரத்தையும் தொடர்ச்சியாகப் படியுங்கள்: 0.34, 0.57, 1.42 என்று. தூண் ஒன்று, இடைவெளி ஒன்று என்று துண்டு துண்டாக அளந்து கூட்டினால் பன்னிரண்டு துண்டில் ஆளுக்கு இரண்டு மில்லிமீட்டர் பிசகி, கடைசியில் இரண்டரை சென்டிமீட்டர் காணாமல் போகும். டேப்பைப் படிப்பவர் சத்தமாகச் சொல்ல, எழுதுபவர் எழுதிவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

கருவறைக்குள் நாம் போக முடியாது. குருக்களிடம் கேளுங்கள். அந்தப் புதுக்கோட்டைக் கோயிலில் குருக்களுக்கு எழுபது வயது இருக்கும். லேசர் மீட்டரை எப்படிச் சுவரில் ஒட்டிப் பிடித்துப் பட்டனை அமுக்குவது என்று வாசற்படிக்கு வெளியே நின்று காட்டினேன். உள்ளே போய்த் தெற்கிலிருந்து வடக்கு, கிழக்கிலிருந்து மேற்கு என்று ஒவ்வொன்றாக அமுக்கி, எண்ணைத் தூண்டாமணி விளக்கின் வெளிச்சத்தில் படித்துச் சொன்னார். “அம்மா, ரெண்டு மூலைக்கும் குறுக்கே வேணுமா?” என்று அவரே கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் நடுவில் லிங்கம் இருப்பதால் மூலைவிட்டம் லேசருக்குக் கிடைக்காது. லிங்கத்துக்கு மேலே, ஆளுயரத்தில் பிடிக்கச் சொன்னேன், கிடைத்தது. உள் அளவு தெரிந்துவிட்டால் வெளி அளவிலிருந்து சுவரின் கனம் வந்துவிடும். அதை வாசல் நிலையில் நேரடியாக அளந்தும் ஒத்துப்பாருங்கள்.

நார்த்தாமலை விஜயாலய சோழீச்சுரம்போல வெளியே சதுரமும் உள்ளே வட்டமுமாகக் கருவறை இருந்தால் மையத்தைத் தேட வேண்டாம். சுவரின் வளைவில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேரான பட்டையை வைத்து, பட்டையின் நடுவிலிருந்து சுவர் எவ்வளவு உள்வாங்குகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். பட்டை 1.20 மீட்டர், உள்வாங்கல் 0.15 என்று வைத்துக்கொள்வோம். 1.20ஐ அதனாலேயே பெருக்கி, 0.15இன் எட்டு மடங்கால் வகுத்து, 0.15இல் பாதியைக் கூட்டினால் ஆரம் 1.275 மீட்டர். மூன்று நாலு இடத்தில் செய்து பார்த்தால் வட்டம் எவ்வளவு வட்டம் என்பதும் தெரிந்துவிடும்.

எனக்குப் பிடித்த பகுதி அதிட்டானம், அதாவது சுவரைத் தாங்கும் அடிப்பீடம். இதற்கு ஒரு முழுக் காலைப் பொழுதை ஒதுக்குங்கள். அலுமினியப் பட்டையை உபானத்துக்கு முன்னால் செங்குத்தாக நிறுத்தி, தூக்குக் குண்டு வைத்துச் சரிபார்த்து, ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் குண்டு ஆடினால் ஒரு வாளித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள், நின்றுவிடும். பட்டையில் மட்டக்கோட்டைக் குறித்துக்கொண்டு, கீழிருந்து உபானம், ஜகதி (நேரான வரி), குமுதம் (உருண்டையாகவோ பட்டைகளாகவோ புடைத்த வரி), கண்டம் (உள்வாங்கிய வரி), பட்டிகை (மேலே நீட்டி நிற்கும் வரி) என்று ஒவ்வொரு விளிம்பும் பட்டையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது, எந்த உயரத்தில் இருக்கிறது என்று இரண்டிரண்டு எண்ணாக எழுதுங்கள். குமுதம் உருண்டையாக இருந்தால் ஐந்து புள்ளியாவது வேண்டும். எண்பட்டைக் குமுதம் என்றால் பட்டைகளின் விளிம்புகள் போதும். கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். கண்ணுக்கு முழு உருண்டையாகத் தெரியும் குமுதம் அடிப்பக்கம் கொஞ்சம் தட்டையாக இருப்பதை விரல்தான் எனக்குச் சொன்னது. இப்படி நான்கு பக்கமும் ஒவ்வொரு வெட்டு, அதாவது பக்கவாட்டு உருவம், எடுங்கள். மேற்கில் இருக்கும் குமுதமும் தெற்கில் இருக்கும் குமுதமும் ஒரே சிற்பி கை இல்லை என்று அப்போது தெரியலாம். சுவருக்கு மேலே போதிகைக்கும், அதாவது தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் கல்லுக்கும், இதே மரியாதை கொடுங்கள். அலைபோல் வரிவரியான தரங்கப் போதிகையா, சாய்வாக வெட்டிய வெட்டுப் போதிகையா, பூ தொங்கும் போதிகையா என்பதில் கோயிலின் காலமே இருக்கிறது. மூன்றும் ஒரே கோயிலில் இருந்தால் எது எங்கே என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சுவர்களை வரையும்போது கல் கல்லாக, இணைப்புக் கோடு உட்பட வரையுங்கள். கல்வெட்டு இருக்கும் கற்களில் வரிகள் எங்கே ஆரம்பிக்கின்றன, எங்கே அறுபடுகின்றன என்று குறியுங்கள். படிக்கத் தெரிய வேண்டும் என்பது இல்லை. ஒரு கல்லில் ஏழு வரி ஓடி, ஒட்டி நிற்கும் கல்லில் ஐந்து வரி வேறு உயரத்தில் ஓடினால் அந்தச் சுவர் எப்போதோ பிரிக்கப்பட்டு மாற்றி அடுக்கப்பட்டிருக்கிறது. எழுத்தே இல்லாமல் வெறும் நீளக் கோடு ஒன்று, இரண்டு முனையிலும் கூட்டல் குறியோடு, அதிட்டானத்தில் தென்பட்டால் விட்டுவிடாதீர்கள். நிலம் அளந்த கோலின் நீளமாக இருக்கலாம். அதை மட்டும் மில்லிமீட்டர் சுத்தமாக மூன்று முறை அளந்து எழுதுங்கள். கோயிலில் நிலம் அளப்பது பற்றிப் பயந்த ஆத்தாவுக்கு மறுநாள் இதே போன்ற ஒரு கோட்டைக் காட்டினேன். “அப்ப அளந்தவுகளும் இங்கதான் வந்தாகளா” என்று கோட்டை முனையிலிருந்து முனை வரை விரலால் தடவிவிட்டுப் போனார்.

விமானத்தின் உச்சிக்கு ஏற வேண்டாம். 1808இல், இந்தியாவை முக்கோணங்களாக அளக்கத் தொடங்கிய ஆங்கிலேயர் லாம்டன், அரை டன் எடை உள்ள தன் தியோடலைட் என்னும் கோணம் அளக்கும் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. அதைச் சரிசெய்ய ஆறு வாரம் போலப் பிடித்தது. நமக்குக் கீழே நின்றே உயரம் கிடைக்கும். கோணம் காட்டும் கருவியைத் தள்ளி வைத்து, விமானத்தின் உச்சியில் இருக்கும் ஸ்தூபியின் நுனியைப் பார்த்துக் கோணத்தைப் படியுங்கள். எல்லோரும் தவறுவது தூரத்தில்தான். சுவர் வரை அளந்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஸ்தூபி இருப்பது சுவருக்கு மேலே இல்லை, கருவறையின் நடுவுக்கு மேலே. சுவர் வரை 12 மீட்டர், கருவறையின் பாதி அகலம் 2.60, ஆக 14.60. கோணம் 31 டிகிரி என்றால் அதன் டேன் மதிப்பு 0.6009. பெருக்கினால் 8.77 மீட்டர். இதோடு கருவியின் உயரத்தைக் கூட்டி, மட்டக்கோட்டோடு இணைத்துக்கொள்ளுங்கள்.

சிகரத்தின் உருவங்களுக்குப் புகைப்படம் போதும். ஒன்றன்மேல் ஒன்று எழுபது எண்பது சதவீதம் விழும்படி, கீழ், நடு, மேல் என்று மூன்று சுற்று எடுத்தால் கணினி முப்பரிமாண உருவம் கட்டிக் கொடுக்கும். நிழல் விழாத மேகமூட்டமான நாள் நல்லது. நீளம் தெரிந்த ஒரு பட்டை படத்தில் எங்காவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உருவத்துக்கு அளவு கிடைக்காது. டிரோன் பறக்கவிட வேண்டுமானால் அதற்குத் தனி அனுமதி. நான் நீளக் கம்பின் நுனியில் கேமராவைக் கட்டிச் சமாளித்துவிடுகிறேன். எவ்வளவு நல்ல முப்பரிமாண உருவம் கிடைத்தாலும் அதிட்டானத்தைக் கையால் அளப்பதை நான் விட்டதில்லை. சுண்ணாம்புக்கு அடியில் இருக்கும் இணைப்பு கேமராவுக்குத் தெரியாது.

அன்றன்று எடுத்த அளவை அன்றிரவே வரைந்துவிடுங்கள். தரைப்படத்துக்கு 1:50, அதிட்டான வெட்டுக்கு 1:10. 1:50இல் தாளில் அரை மில்லிமீட்டர் கோடு களத்தில் 25 மில்லிமீட்டர், எனவே அதில் மில்லிமீட்டருக்கு மெனக்கெட வேண்டாம், 1:10இல் மெனக்கெடுங்கள். இரவே வரைந்தால் விட்டுப்போன அளவு மறுநாள் காலையில் கிடைத்துவிடும். அளந்ததை முழுக்கோடாகவும் ஊகித்ததை விட்டுவிட்டுப் போடும் துண்டுக் கோடாகவும் போடுங்கள். அளந்த தேதி, வடக்கு எந்தப் பக்கம், அளந்தவர்கள் யார் யார் என்பதும் தாளின் ஓரத்தில் இருக்கட்டும்.

கடைசி நாள் நூலை அவிழ்த்து, முளைக் குச்சிகளைப் பிடுங்கி, குழிகளை மூடிவிட்டு, சாக்பீஸ் புள்ளிகளை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். மட்டக்கோட்டின் ஒரு புள்ளி எந்தக் கல்லில் எந்த உயரத்தில் இருந்தது என்று படத்தில் குறித்தபின் துடையுங்கள். வரைபடம் முடிந்ததும் ஒரு பிரதி அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு, ஒரு பிரதி குருக்களுக்கு. புதுக்கோட்டைக் கோயிலில் குருக்கள் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மடப்பள்ளிச் சுவரில் மாட்டியிருக்கிறார். புகை படியாத இடமாகப் பார்த்து மாற்றி மாட்டச் சொல்லியிருக்கிறேன்.