மழையில் மோதுவது எது?

ஏற்காட்டுப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தின் சன்னலை உரசிச் செல்லும் வெண்மேகத்தை ‘நீராவி’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது முதல் தவறு. நீராவி கண்ணுக்குத் தெரியாது. தெரிவது, தூசி, உப்புத் துகள்களின்மேல் அது படிந்து உண்டான நுண்துளிகள். சேலத்துச் சமவெளியில் சூடேறிய காற்று மலைச்சரிவில் ஏறுகையில், அழுத்தம் குறைந்து விரிவதால், மேகமாகும் வரை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி குளிர்கிறது.

வெப்ப மண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடைப்பட்ட மித வெப்ப மண்டலத்தின் புயல்களைப் படிக்கும் மாணவர்கள் பெரிதும் இடறுவது அடுத்த இடத்தில். ‘வெப்பக்காற்றும் குளிர்காற்றும் மோதுவதால் மழை’ என்று விடைத்தாளில் எழுதிவிடுகிறார்கள். நார்வேயின் பெர்கன் நகரில் பணியாற்றிய வானிலை ஆய்வாளர் யாக்கோப் பியர்க்னஸ் 1919இல் வெளியிட்ட விளக்கத்தின் சாரம் மோதல் அன்று, ஏற்றம். கனத்த குளிர்காற்று ஆப்புப் போலத் தரையோடு படிந்து கிடக்க, இலேசான வெப்பக்காற்று அதன்மேல் ஏறுகிறது. அதாவது, ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலை காற்றை மேலேற்றும் வேலையை அங்கே குளிர்காற்றே செய்கிறது. முன்னேறும் வெப்பக்காற்று குளிர்காற்றின்மேல் ஏறும் எல்லையான வெப்ப முகத்தின் சரிவு ஏறக்குறைய 200க்கு 1 என்பதால், சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உள்ள 1,200 மீட்டர் உயர வேறுபாட்டை ஏறிக்கடக்க அந்தக் காற்றுக்கு 240 கிலோமீட்டர் வேண்டும். நமக்கு அது பெங்களூருவையும் தாண்டிய தொலைவு. ஆகவேதான் முதலில் கீற்று மேகமும், பின்பு வானை மூடும் படை மேகமும், மணிக்கணக்கான மென்மழையும் வரிசையாக வருகின்றன. முன்னேறும் குளிர்காற்று வெப்பக்காற்றைத் தூக்கும் எல்லையான குளிர் முகம் இதைவிடச் செங்குத்தானது. அங்கே மழை கடுமையாகப் பெய்து விரைவில் ஓய்ந்துவிடும்.

வங்கக்கடல் புயலையும் இதையும் ஒன்றாக எண்ணுவதற்கு ‘புயல்’ என்ற பொதுப்பெயரே காரணம் போலும். நம் புயல், வெதுவெதுப்பான கடல்நீர் ஆவியாகி மீண்டும் நீராகும்போது வெளிப்படும் வெப்பத்தால் வலுப்பெறுவது. அதற்கு இந்த வெப்ப, குளிர் முகங்கள் இல்லை. மித வெப்ப மண்டலப் புயலோ வெப்பநிலை வேறுபாட்டால் வளர்வதால் நிலத்தின்மேலும் பிறக்கும்.

மேகம் வந்தாலே மழை என்பதும் சரியன்று. ஒரு மழைத்துளிக்கு ஏறத்தாழ 10 இலட்சம் மேகத்துளிகள் வேண்டும். மித வெப்ப மண்டல மேகங்களில், சுழிய டிகிரிக்குக் கீழும் உறையாதிருக்கும் துளிகள் ஆவியாக, அந்த ஆவியை ஈர்த்துப் பனிப்படிகங்கள் பருக்கின்றன. கீழே விழும் வழியில் உருகி மழையாகின்றன. ஏற்காட்டு மூடுபனித் தூறலில் பனிக்கட்டிக்கு இடமில்லை. பெரிய துளிகள் சிறியவற்றை இடித்துச் சேர்த்துக்கொண்டே விழுகின்றன. மாணவர்கள் தேடிய மோதல் இங்கேதான் நடக்கிறது.