மாரியில் மைதானத்துக்குள் சில்லு இறங்கும் முன்

ஒரு கார்த்திகையில், பரிசளிப்பு விழாவுக்குக் கதிரை ஏற்றி வந்த லாண்ட்மாஸ்டரை (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) எங்கள் கழக மைதானத்துக்குள் நேராக விட்டோம். முதல்நாள் இரவு முழுக்க மழை. பத்து நிமிட வேலைதான், ஆனால் நாலு விரல் ஆழத்தில் இரண்டு சில்லுத் தடம் விழுந்தது. அடுத்தநாள் நான் செய்தது அதைவிடப் பெரிய மடத்தனம்: ஈரம் காயுமுன் ரோலரை உருட்டித் தடத்தைச் சமப்படுத்தினேன். மேலே பார்க்கச் சமம்தான். மாசியில் அந்த இரண்டு கோட்டிலும் புல்லே இல்லை, நிலம் சீமெந்துபோல இறுகிக் கிடந்தது.

இதற்கு வழி தேடியபோது எனக்கு உதவியது, நம்ம ஊருக்குச் சம்பந்தமே இல்லாத கோல்ஃப். அவர்கள் மட்டைப் பையை இரண்டு மூன்று சில்லு வைத்த ட்ராலியில் இழுத்துப் போவார்கள். இங்கிலாந்தில் குளிர்கால மழை வந்தால் பல கழகங்கள் அந்தச் சின்ன வண்டியைக்கூட உள்ளே விடுவதில்லை, பையைத் தோளில் சுமக்கச் சொல்கின்றன. காரணம், எத்தனை கிலோ என்பதைவிட அது எவ்வளவு இடத்தில் ஊன்றுகிறது என்பதே முக்கியம். காற்றடைத்த டயர் நிலத்தை அழுத்துவது ஏறத்தாழ உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்துக்குச் சமம். 30 பிஎஸ்ஐ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ. 65 கிலோ ஆள் தட்டையான செருப்போடு ஒற்றைக் காலில் நின்றால் அதில் ஆறில் ஒரு பங்குதான் வரும். ஆக, கதிரையை நாலு பேர் தூக்கிப் போவதுதான் மைதானத்துக்கு நல்லது.

சரி, வண்டி போயே ஆகவேண்டும் என்றால் முதலில் நிலத்தைப் பாருங்கள், வானத்தைப் பார்க்க வேண்டாம். பத்தடி நடந்து திரும்பிப் பாருங்கள், கால் வைத்த இடத்தில் தண்ணீர் ஊறினால் அன்றைக்குச் சில்லு இல்லை. ஊறாவிட்டாலும் இரண்டு அங்குல ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் திரி மாதிரி உருட்டுங்கள். 3 மில்லிமீட்டர் தடிப்பு வரை உடையாமல் உருண்டால் ஈரம் அதிகம், அதற்கு முன்பே பொருபொருவென்று உதிர்ந்தால் போகலாம். யாழ்ப்பாணத்து வலிகாமப் பக்கச் செம்மண் சீக்கிரம் வடிந்துவிடும், ஒரு நாள் வெயிலே போதும் என்று இருக்கும், ஆனால் வெள்ளம் தேங்கும் பள்ளக் காணிகளில் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். (50 மில்லிமீட்டர் மழை என்றால் இரண்டரை ஏக்கர் மைதானத்தில் விழுவது ஐந்து லட்சம் லீட்டர். 5000 லீட்டர் பவுசரில் நூறு பவுசர்!)

அடுத்தது பாதை. எல்லோரும் ஆளுக்கொரு பக்கமாக ஓட்டினால் சேதம் பரவிக் குறையும் என்று நினைப்போம். ஈர நிலத்தில் அது சரிவராது, ஏனென்றால் மண் இறுகுவதில் பெரும்பங்கு முதல் ஓட்டத்திலேயே நடந்துவிடும். எல்லைக்கோட்டுக்கு வெளியே, மேடான பக்கமாக ஒரே ஒரு பாதையைப் பலிகொடுங்கள். கயிறு கட்டி அடையாளம் வையுங்கள், கயிறு இல்லாவிட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆடுகளத்துக்கும் கோல் வாசலுக்கும் கிட்டக்கூடப் போகவே கூடாது.

அந்தப் பாதையிலும் மெத்தென்ற இடங்களில் தடித்த பிளைவூட் பலகை போடுங்கள், பலகைக்குக் கீழே பழைய கிடுகு விரித்தால் வழுக்காது. தகரம் வேண்டாம், விளிம்பு புல்லை அறுக்கும். அன்று பின்னேரமே பலகையைக் கிளப்பிவிடுங்கள், இரண்டு நாள் கிடந்தால் புல் மஞ்சளாகிவிடும்.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அகலமான டயர், டயர்காரர் அனுமதிக்கும் அளவுக்குக் குறைந்த காற்று, பாதிப் பாதியாகச் சுமை. ஆனால் ஒன்று: நின்ற இடத்தில் திருப்பாதீர்கள். நேராக உருளும் சில்லு அழுத்தத்தான் செய்யும், திரும்பும் சில்லு வேரோடு கிழிக்கும். வளைவுக்கு இடம் இல்லையென்றால் வந்த தடத்திலேயே பின்னுக்கு எடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தடம் விழுந்தால், முதல் வேலை ஒன்றும் செய்யாமல் இருப்பது. ரோலரைப் பூட்டி வையுங்கள். மேலே சொன்ன திரி உதிரும் அளவுக்குக் காய்ந்த பிறகு, பல்லுள்ள தோட்ட முள்ளைத் தடத்தின் ஓரத்தில் சரிவாகக் குத்தி, பிதுங்கி நிற்கும் மண்ணை உள்பக்கமாக நெருக்குங்கள், நடுவை நெம்பித் தூக்கினால் வேர் அறும். பிறகு தடம் நெடுக ஓட்டை குத்திக் காற்றுப் போக விடுங்கள். மிச்சப் பள்ளத்தை அதே மைதானத்து மண்ணோடு ஆற்றுமணல் கலந்து, ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டர் மட்டும் தூவி நிரப்புங்கள். கடற்கரை மணல் கூடாது, உப்பு. புல் தலைகாட்டியதும் அடுத்த தூவல். அறுகு என்றால் தை வெயிலில் தானாகவே ஓடிப் படரும், மார்ச்சில் வடக்கின் பெரும் சமர் என்கிற பாடசாலைக் கிரிக்கெட் போட்டி வருவதற்குள் பச்சை பிடித்துவிடும், அதுவரை அந்தக் கயிற்றை மட்டும் அவிழ்க்காதீர்கள், பெடியள் சைக்கிளில் குறுக்கே ஓடுவார்கள்.