செம்மண் ரோட்டுக்கு எந்த சஸ்பென்ஷன்? கிராவல் பைக் வாங்கும் முன் பாருங்கள்

செட்டிநாட்டில், பள்ளத்தூர்ப் பக்கம் ஏதாவது ஒரு கண்மாய்க்கரையில் சைக்கிளை இறக்கியவர்களுக்குத் தெரியும், செம்மண் காய்ந்து வரிவரியாகக் கிடக்கும் இடத்தில் பத்து நிமிடம் ஓட்டினாலே உள்ளங்கை மரத்துப்போகும். சஸ்பென்ஷன் இருந்தால் தேவலையே என்று தோன்றுவதும் அப்போதுதான். கிராவல் பைக், அதாவது மண் ரோட்டுக்கான அகல டயர் சைக்கிள், வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் கீழே உள்ளதைச் செய்துவிடுங்கள்.

படி 1: எங்கே வலிக்கிறது?
இப்போது இருக்கிற சைக்கிளிலேயே, நீங்கள் வழக்கமாகப் போகும் மண் ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். வலிப்பது கையா, இடுப்பா? முன்பக்கமா பின்பக்கமா என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

படி 2: டயரை மாற்றிப் பாருங்கள்
40, 45 மிமீ அகலத்தில் டியூப்லெஸ் டயர் போட்டு, 70 கிலோ எடை உள்ளவர் என்றால் 35 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றைக் குறைத்தால் பாதி அதிர்வு அங்கேயே போய்விடும். சீமைக்கருவேல முள்ளுக்கும் டயருக்குள் ஊற்றும் ஓட்டை அடைக்கும் திரவம், அதாவது சீலன்ட்தான் மருந்து, ஆனால் நம் ஊர் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்றுங்கள்.

படி 3: எது அசைகிறது?
இதுவும் போதவில்லையா? சரி, இப்போது சஸ்பென்ஷன். இதில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பள்ளத்தில் விழுந்தால் சக்கரம் மேலே போகிறதா, அல்லது உங்கள் கை மட்டும் அசைகிறதா?

ராக்‌ஷாக்ஸ் ரூடி போன்ற ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) சக்கரமே 30 அல்லது 40 மிமீ மேலே ஏறி இறங்கும். அதனால் டயர் தரையை விடாமல் பிடிக்கும், வேகமாக இறங்கும்போதும் வளைவில் பிரேக் அடிக்கும்போதும் அந்தப் பிடிப்பு பெரிய விஷயம். ஐஸ்லாந்துக் கம்பெனி லாஃப் செய்யும் ஃபோர்க்கிலும் சக்கரம்தான் 30 மிமீ அசைகிறது, ஆனால் உள்ளே எண்ணெயும் கிடையாது சீலும் கிடையாது, பழைய மாட்டுவண்டி வில் மாதிரி பட்டைகள்தான். எண்ணெய் இல்லாததால் எழுந்து நின்று மிதித்தால் கொஞ்சம் துள்ளும்.

ஸ்பெஷலைஸ்டின் ஃப்யூச்சர் ஷாக் வேறு ரகம். ஸ்பிரிங் ஹேண்டில்பாருக்கு அடியில் உட்கார்ந்திருக்கும், 20 மிமீ அசையும், சக்கரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ரெட்ஷிஃப்ட் ஷாக்ஸ்டாப் ஸ்டெமும் அப்படித்தான், உள்ளே ரப்பர் துண்டுகள், விலையும் குறைவு, இருக்கிற சைக்கிளிலேயே மாட்டலாம்.

குன்றக்குடி மலையைக் கண்டாலே மேடு என்று சொல்லும் ஊர் நம்முடையது. நீண்ட இறக்கமே இல்லாத இடத்தில் சக்கரப் பிடிப்புக்காகக் காசைக் கொட்டுவானேன்? கை வலிதான் பிரச்சினை என்றால் இரண்டாவது வகை போதும் என்பேன். கொடைக்கானல் பக்கம் அடிக்கடி போகிறவர் என்றால் கணக்கு வேறு.

படி 4: பின்பக்கம்
வலிப்பது இடுப்பு என்றால் சஸ்பென்ஷன் சீட் போஸ்ட் வாங்குங்கள், 35 மிமீ வரை அசையும் போஸ்ட் கிடைக்கிறது. கேனன்டேல் டாப்ஸ்டோன் கார்பனில் ஃபிரேமே மடங்கிக்கொடுத்து சீட்டில் 30 மிமீ அசையும், நன்றாகத்தான் இருக்கும், விலை கேட்டால் மயக்கம் வரும்.

படி 5: யார் கழற்றிப் பார்ப்பார்கள்?
எண்ணெய் ஃபோர்க்குக்குச் செம்மண் தூசி எமன். சில ஃபோர்க்குகளை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள், அதற்கு ஆள் வேண்டும், மதுரைக்கோ திருச்சிக்கோ தூக்கிக்கொண்டு போக நேரமும் வேண்டும். சீல் போய் வளவில் ஆத்தங்குடி கல் மேல் எண்ணெய் சொட்டினால் வீட்டில் விழும் பேச்சு தனிக்கணக்கு.

படி 6: ஃபிரேமைக் கேளுங்கள்
நான் செய்த முட்டாள்தனம் இது. சாதாரண ஃபோர்க்குக்காகச் செய்த ஃபிரேமில் சஸ்பென்ஷன் ஃபோர்க்கை மாட்டினேன், அது நீளம் கூட. முன்பக்கம் 20 மிமீ உயர்ந்தாலே ஹெட் ஆங்கிள் (ஃபோர்க் நிற்கும் சாய்வு) ஏறக்குறைய ஒரு டிகிரி சாய்ந்துவிடும், சந்தில் திருப்பினால் வண்டி சொன்னபடி கேட்காது. அந்த ஃபோர்க் இப்போது பரணில் கிடக்கிறது. ஃபிரேம் இந்த நீளத்தைத் தாங்கும் என்று தயாரித்தவர்கள் எழுதியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

படி 7: கடையில்
காற்று ஃபோர்க் என்றால் ஏறி உட்கார்ந்து எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். 40 மிமீ அசையும் ஃபோர்க்கில் 6 முதல் 10 மிமீ வரை அமுங்கினால் சரி. அப்புறம் கடை வாசலில் உள்ள வேகத்தடையில் இரண்டு தடவை ஏற்றி இறக்குங்கள், ஒரு தடவை உட்கார்ந்து, ஒரு தடவை நின்று.