பழைய கணினிகளைச் சீர்செய்ய ஒரு குட்டி நெட்வொர்க்: ஒருமுறை இறக்கி எல்லாக் கணினியிலும் நிறுவுவது எப்படி?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்ற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசராவது இருக்க வேண்டும். அதனால் நன்றாக ஓடுகிற கணினிகள்கூட அலுவலகங்களில் மூலைக்குப் போகின்றன. தமிழ்நாடு அரசு 2011-இல் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளும் பல வீடுகளில் பீரோ மேல் தூசி படிந்து கிடக்கின்றன. ரேமைக் கொஞ்சம் கூட்டி, ஒரு எஸ்எஸ்டி மாட்டி, லினக்ஸ் நிறுவினால் இவற்றில் பல ஒரு பள்ளிக்கோ ஊர் நூலகத்துக்கோ இன்னும் சில வருடம் உழைக்கும். லினக்ஸில் பள்ளிப் பிள்ளைகள் திணறுவார்களோ என்று தயங்க வேண்டாம். பக்கத்திலுள்ள கேரளத்தில் அரசின் கைட் நிறுவனம் உபுண்டு என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்துத் தானே ஒரு தொகுப்பு தயாரித்துப் பள்ளிகளுக்குக் கொடுத்து வருகிறது.

ஒரே ஒரு கணினி என்றால் பென்டிரைவ் போதும். இருபது வந்து இறங்கும்போதுதான் பாடு. டெஸ்க்டாப்போடு சேர்த்து டெபியன் என்ற லினக்ஸை நிறுவ ஒன்றிரண்டு ஜிபி இறக்க வேண்டியிருக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி வேலை செய்கிற இடத்தில் அன்றைய டேட்டா முதல் கணினியிலேயே தீர்ந்துபோகும். ஆனால் இருபதிலும் ஏறப்போவது அதே கோப்புகள்தான். முதல் கணினிக்கு இறங்கியதை நம் சர்வரிலேயே பிடித்து வைத்துக்கொண்டால் மற்ற பத்தொன்பதுக்கும் இணையம் ஏறக்குறைய வேண்டாம். அந்த ஏற்பாட்டைத்தான் இங்கே படிப்படியாகச் செய்யப் போகிறோம்.

கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து அடுக்கவில்லை. நாம் பயன்படுத்தப்போகும் மென்பொருள்களின் அமைப்புக் கோப்புகளிலேயே மாதிரி வரிகள் ஹாஷ் குறி போட்டு முடக்கி வைக்கப்பட்டிருக்கும். எந்த வரியின் ஹாஷை நீக்கி எழுப்ப வேண்டும், அதில் என்ன மதிப்பு போட வேண்டும், ஏன் என்பதைச் சொல்கிறேன்.

1. என்னென்ன வேண்டும்?

சர்வருக்குப் புதுக் கணினி வாங்காதீர்கள். வந்த பழையவற்றிலேயே நல்லதாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 4 ஜிபி ரேம் தாராளம். டிஸ்க் மட்டும் புதிதாக இருக்கட்டும், 250 ஜிபி எஸ்எஸ்டி போதும். அதில் இரண்டு லேன் போர்ட் வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் யூஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்று மாட்டிக்கொள்ளலாம்.

அப்புறம் 8 போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று, கேட் 5இ கேபிள்கள் சில. கேபிளில் ஒரு விஷயம் கவனியுங்கள். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளில் நான்கே போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்திருந்தாலும் விளக்கு எரியும், நெட்வொர்க் ஓடும், வேகம் மட்டும் பத்தில் ஒரு பங்காகிவிடும். இருபது கணினி நிறுவும்போது அந்த வித்தியாசம் மணிக்கணக்கில் தெரியும். சர்வரிலிருந்து சுவிட்சுக்குப் போகிற கேபிளாவது புதிதாக இருக்கட்டும். நிறுவல் நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும் என்பதால் சர்வரையும் சுவிட்சையும் ஒரு யூபிஎஸ்ஸில் போட்டுவிடுங்கள்.

2. நெட்வொர்க்கைத் தனியாகப் பிரியுங்கள்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். சர்வரின் ஒரு லேன் போர்ட் இணையத்தைப் பார்த்து இருக்கும், அதாவது உங்கள் ரவுட்டருக்குப் போகும். இன்னொன்று பட்டறை சுவிட்சுக்கு. சீர்செய்ய வந்த கணினிகள் எல்லாம் அந்த சுவிட்சில் மட்டுமே மாட்டப்படும்.

ஏன் இப்படி? சர்வரில் டிஎச்சிபி ஓட்டப் போகிறோம். கணினிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கிற வேலை அதனுடையது. பள்ளியின் நெட்வொர்க்கில் ஏற்கெனவே ரவுட்டர் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும். அதே கேபிளில் நாமும் இரண்டாவதாக ஒன்றை ஓட்டினால் ஒரே தெருவுக்கு இரண்டு பேர் கதவெண் எழுதின கதையாகிவிடும். அலுவலக அறையில் பிரிண்டர் நின்றுபோகும், யாருக்கும் காரணம் புரியாது. இன்னொரு காரணமும் உண்டு. வந்த கணினிகளின் பழைய டிஸ்க்கில் என்ன வைரஸ் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. துடைக்கும்வரை அவை வெளியே பேசவே கூடாது.

பட்டறைப் பக்கத்து போர்ட்டுக்கு 192.168.50.1 என்று நிலையான முகவரி கொடுங்கள், நெட்மாஸ்க் 255.255.255.0. கேட்வே, அதாவது வெளியே போகும் வழி, எதுவும் போட வேண்டாம். உங்கள் ரவுட்டர் ஏற்கெனவே 192.168.50 வரிசையில் இருந்தால் மட்டும் 50 என்ற மூன்றாம் எண்ணை எல்லா இடத்திலும் மாற்றிக்கொள்ளுங்கள். சர்வர் வழியாகப் பட்டறைக் கணினிகளுக்கு இணையத்தைத் திறந்துவிடச் சொல்லும் விளக்கங்கள் நிறைய உண்டு. நமக்கு அது தேவையே இல்லை. மென்பொருள் இறக்கும் வேலை முழுவதையும் சர்வரே செய்து கொடுக்கும்.

3. மென்பொருள் களஞ்சியம்

டெபியனின் மென்பொருள்கள் எல்லாம் இருக்கும் இணையக் களஞ்சியம் முழுவதையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். 64 பிட்டுக்கு மட்டும் எடுத்தாலே பல நூறு ஜிபி வரும்; அதில் நாம் தொடப்போவது மிகச் சிறு பகுதி. நிரந்தரமாக இணையமே இல்லாத ஊருக்கு அது சரி. மற்ற எல்லாருக்கும் கேச், அதாவது ஒருமுறை இறங்கியதை மட்டும் சேமித்து வைக்கும் ஏற்பாடு, போதும்.

சர்வரில் டெபியன் நிறுவி, அதில் ஆப்ட் கேச்சர் என்ஜி என்ற தொகுப்பைப் போடுங்கள். நிறுவும்போது எச்டிடிபி டனல் அனுமதிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான், அது 3142-ஆம் போர்ட்டில் ஓடத் தொடங்கிவிடும். அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினால் நல்லது: கேட்கும் முகவரி (பைண்ட்அட்ரஸ்) என்ற இடத்தில் 192.168.50.1 மட்டும் போடுங்கள். வெளிப்பக்கத்திலிருந்து யாரும் உங்கள் கேச்சைப் பயன்படுத்த முடியாது.

பட்டறைக் கணினி ஒரு கோப்பைக் கேட்கும்போது, கையில் இருந்தால் இது உடனே கொடுக்கும். இல்லையென்றால் இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டே கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளும். களஞ்சியத்தில் பழையதாகிப்போன கோப்புகளைத் தானே அவ்வப்போது கழித்துவிடும். பிரவுசரில் அந்த முகவரியை 3142 போர்ட்டோடு திறந்தால் வரும் பக்கத்தில் புள்ளிவிவரத்துக்கு ஒரு இணைப்பு இருக்கும். எவ்வளவு இணையத்திலிருந்து வந்தது, எவ்வளவு கேச்சிலிருந்து போனது என்று அங்கே பார்க்கலாம்.

முகவரிகள் சாதா எச்டிடிபியில்தான் இருக்க வேண்டும். பூட்டுப் போட்ட எச்டிடிபிஎஸ் இணைப்புக்குள் என்ன போகிறது என்று கேச்சுக்குத் தெரியாது, அதனால் சேமிக்கவும் முடியாது. பாதுகாப்பு குறையுமோ என்று கவலை வேண்டாம். டெபியன் தன் களஞ்சியத்தின் பட்டியலில் டிஜிட்டல் கையொப்பம் இடுகிறது. நடுவில் யாராவது ஒரு கோப்பை மாற்றினால் நிறுவும் கணினி அதைக் கண்டுபிடித்து மறுத்துவிடும்.

4. கேபிள் வழியே பூட் செய்வது

பென்டிரைவ் இல்லாமலே கணினிகள் லேன் வழியாக நிறுவலைத் தொடங்க, இப்போது சர்வரில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன மென்பொருளை நிறுவுங்கள். ஐபி கொடுப்பதும் நிறுவல் கோப்புகளை அனுப்புவதும் இந்த ஒன்றே. அதன் அமைப்புக் கோப்பில் முதலில் இன்டர்ஃபேஸ் வரியை எழுப்பி, பட்டறைப் பக்கத்து லேன் கார்டின் பெயரை மட்டும் கொடுங்கள். இந்த வரியை விட்டுவிட்டால் ரவுட்டர் பக்கத்தையும் அது கவனிக்கத் தொடங்கலாம். பிறகு டிஎச்சிபி வரம்பு: 192.168.50.100 முதல் 200 வரை, இரண்டு மணி நேரத்துக்கு. அதன் கீழே, பூட் கோப்புகளை அனுப்பும் டிஎஃப்டிபியை இயக்கும் வரியையும், கோப்புகள் இருக்கும் ஃபோல்டரைச் சொல்லும் வரியையும் எழுப்புங்கள்.

அந்த ஃபோல்டருக்குள் டெபியன் தளத்திலிருந்து நெட்பூட் என்ற சுருக்கக் கோப்பை இறக்கி விரியுங்கள். கடைசியாக, எந்தக் கணினிக்கு எந்தக் கோப்பு என்று சொல்ல வேண்டும். ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள் இரண்டு வகை: பழையது பயாஸ், புதியது யூஇஎஃப்ஐ. பழைய பயாஸ் கணினி தன்னை 0 என்ற எண்ணோடும், 64 பிட் யூஇஎஃப்ஐ கணினி பெரும்பாலும் 7 என்ற எண்ணோடும் அறிமுகம் செய்துகொள்ளும். 0-க்கு பிஎக்ஸ்இலினக்ஸ் கோப்பு, 7-க்கு பூட்நெட்எக்ஸ்64 கோப்பு. மாதிரி வரிகளில் இரண்டுக்கும் வழி இருக்கிறது.

மெனுவும் இரண்டு இடத்தில் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்: பயாஸுக்கு ஒரு கோப்பு, யூஇஎஃப்ஐக்கு கிரப் என்ற ஃபோல்டரில் இன்னொன்று. ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்றுங்கள். இரண்டிலும் முதல் தேர்வாக "உள்ளே இருக்கும் டிஸ்க்கிலிருந்து பூட் செய்" என்பதை வைத்து, பத்து விநாடி நேரம் கொடுங்கள். பின்னால் கேள்வியே கேட்காமல் டிஸ்க்கை அழித்து நிறுவும் தானியங்கி முறைக்கு நீங்கள் போவீர்கள். அன்றைக்கு யாராவது தெரியாமல் தன் சொந்த மடிக்கணினியை அந்த சுவிட்சில் மாட்டினால் இந்த முதல் தேர்வுதான் அதைக் காப்பாற்றும்.

5. நிறுவும் முன் டிஸ்க்

டெபியன் லைவ் பென்டிரைவில் பூட் செய்து, டிஸ்க்ஸ் என்ற செயலியில் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியலை, திறங்கள். பட்டியல் நீளமாக இருக்கும். ஹார்ட் டிஸ்க் என்றால் இரண்டு வரி பார்த்தால் போதும். 5-ஆம் எண், பழுதானதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்). 197-ஆம் எண், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். 197 பூஜ்யமாக இல்லையென்றால் அந்த டிஸ்க்கை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். ஒரு மாணவியின் பாடக் குறிப்புகள் அதில் இருக்கப் போகின்றன.

அப்புறம் துடைப்பது. ஃபார்மட் செய்வது துடைப்பது ஆகாது. முந்தைய உரிமையாளரின் ஆதார் நகலும் குடும்பப் படங்களும் அதற்குப் பிறகும் மீட்கக்கூடியவை. ஹார்ட் டிஸ்க்குக்கு என்வைப் நல்ல கருவி. அதையே பென்டிரைவில் பூட் ஆகும்படி ஷ்ரெட்ஓஎஸ் என்று கொடுக்கிறார்கள். ஒரு சுற்று பூஜ்யம் எழுதிச் சரிபார்த்தால் போதும். எஸ்எஸ்டிக்கு இந்த முறை சரிவராது, கண்ணுக்குத் தெரியாத பகுதிகள் அதில் உண்டு. அதற்குள்ளேயே இருக்கும் செக்யூர் இரேஸ் வசதியைப் பயன்படுத்துங்கள். கணினி கொடுத்தவரிடம் துடைத்தாயிற்று என்று எழுதிக் கொடுப்பது நல்ல வழக்கம்.

6. முதல் கணினி

லேன் கேபிளை மாட்டி ஆன் செய்யுங்கள். டெல்லிலும் லெனோவாவிலும் பொதுவாக எஃப்12 அழுத்தினால் பூட் மெனு வரும், எச்பியில் எஃப்9. நெட்வொர்க் என்ற தேர்வே இல்லையென்றால் பயாஸுக்குள் போய் நெட்வொர்க் ஸ்டாக்கை இயக்குங்கள்.

பயாஸுக்குள் போகும்போதே தேதியைப் பாருங்கள். பழைய கணினிகளில் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். அப்படி நிறுவத் தொடங்கினால் களஞ்சியப் பட்டியல் எதிர்காலத் தேதியில் இருக்கிறது, ஏற்க முடியாது என்று பிழை வரும். புதிதாகச் செய்பவர்கள் நெட்வொர்க்கில்தான் கோளாறு என்று கேபிளைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்கள். பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்யுங்கள். எல்லாக் கணினிக்கும் முன்கூட்டியே மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

நிறுவியில் (நிறுவலை நடத்தும் மென்பொருளில்) களஞ்சியம் எது என்று கேட்கும்போது டெபியனின் வழக்கமான முகவரியையே தேர்ந்தெடுங்கள். அடுத்து ப்ராக்ஸி, அதாவது நடுவில் நின்று இறக்கிக் கொடுக்கும் சர்வர் எது என்று கேட்கும். அங்கேதான் எச்டிடிபியோடு 192.168.50.1, போர்ட் 3142 என்று போட வேண்டும். நம் சர்வரையே களஞ்சியம் என்று நேரடியாகக் கொடுத்தாலும் ஓடும். ஆனால் கணினி வெளியே போன பிறகும் அந்த முகவரியைத் தேடிக்கொண்டே இருக்கும், எல்லா வரியையும் மாற்ற வேண்டி வரும்.

எந்தப் பதிப்பு? 64 பிட் என்றால் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13. 32 பிட் மட்டுமே ஓடும் கணினிக்கு அதில் நிறுவி கிடையாது, டெபியன் 12-தான் கடைசி. டெஸ்க்டாப்புக்கு எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி. 2 ஜிபி ரேமில் கனமான க்னோம் டெஸ்க்டாப்பை ஏற்றிப் பிள்ளைகளைச் சோதிக்க வேண்டாம். வைஃபைக்கான ஃபர்ம்வேர் தொகுப்புகளை நிறுவி முடித்த பின் சேருங்கள். தமிழுக்கு நோட்டோ எழுத்துருக்கள், தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என். இணையம் இல்லாத பள்ளி என்றால் இணையமில்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் செயலியும் தமிழ் விக்கிப்பீடியாவின் கோப்பும் ஏற்றிக் கொடுங்கள். அந்தக் கோப்பையும் சர்வரில் ஒருமுறை இறக்கினால் போதும்.

முதல் கணினி நன்றாக வந்த பிறகு, நீங்கள் சொன்ன பதில்களை ப்ரீசீட் என்ற கோப்பில் எழுதி சர்வரில் ஒரு சின்ன வெப் சர்வர் மூலம் வையுங்கள். அதன் முகவரியை பூட் மெனுவின் வரியில் சேர்த்தால் அடுத்த கணினியிலிருந்து கேள்விகள் வராது. எல்லாம் ஒரே மாடல் என்றால் ஒரு டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் குளோனிங் இதைவிட வேகம்தான். கலவையாக வந்த கணினிகளுக்கு ஒவ்வொன்றையும் தனியாக நிறுவுவதே என் தேர்வு. குளோன் செய்தால் எல்லாவற்றுக்கும் ஒரே அடையாள எண் வந்து, மாற்றாமல் விட்டால் பின்னால் தொல்லை.

7. கொடுக்கும் முன்

ப்ராக்ஸி முகவரியை நிறுவல் மென்பொருள், ஆப்ட் என்ற மென்பொருள் இறக்கும் கருவியின் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்திருக்கும். அதை நீக்காமல் கொடுத்தால் கணினி நன்றாக ஓடும், பிரவுசர் ஓடும், அப்டேட் மட்டும் வரவே வராது. பல மாதம் கழித்துத்தான் யாராவது கவனிப்பார்கள். ப்ரீசீட் கோப்பின் இறுதிக் கட்டளையில் அந்த வரியை நீக்கும்படி எழுதிவிடுங்கள். எல்லாக் கணினிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்திருப்பீர்கள். முதல் நுழைவிலேயே மாற்றச் சொல்லும்படி அதைக் காலாவதி ஆக்குங்கள்.

பிறகு கணினியைப் பட்டறை சுவிட்சிலிருந்து கழற்றி, உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒருமுறை அப்டேட் கொடுத்துப் பாருங்கள். பட்டியல் பிழையில்லாமல் இறங்கினால் வைஃபையும் சரி, களஞ்சியமும் சரி. பெட்டியில் போட்டுவிடலாம்.